இதுக்கு மேல எங்க வூட்டு விஷயம்

உளுந்தூர்பேட்டையில் பஸ் நின்றதும் பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன். நான் போக வேண்டியது விருத்தாசலம். டிக்கெட்டும் அதற்குத்தான் எடுத்திருந்தேன். கண்டக்டர் படியில் நின்றபடி, "சார், விருத்தாசலம்னுதானே கேட்டீங்க?" என்றார்.

"இல்லங்க, இங்க ஒரு சின்ன வேலை இருக்குது."

ஒரு வேலையும் இல்லை. சாலையைத் தாண்டி எதிர்ப்பக்கம் போய், சென்னைக்குப் போகிற பஸ்ஸில் ஏறித் திரும்பிவிடலாம் என்றுதான் இறங்கினேன். ஆனால் எதிர்ப்பக்கமும் போகவில்லை. ஒரு டீ வாங்கிக்கொண்டு, குடிக்கவும் மனமில்லாமல் கிளாஸை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டு நின்றேன்.

பூக்கூடையோடு நின்றிருந்த ஓர் அம்மா என்னையே உற்றுப் பார்த்தார். "நாடகத்துல வர்ற மாப்ளதானே நீங்க?" என்றார்.

"ஆமாங்கம்மா."

"நேர்ல பாக்கச் சின்னப் புள்ளையாட்டம் இருக்கறீங்க. நெசத்துல எப்ப கல்யாணம்?"

"அம்மா பாத்துக்கிட்டு இருக்காங்க" என்றேன்.

வாய் அதுவாகச் சொல்லிவிட்டது. இனிமேல் இந்தப் பதிலைச் சொல்லவே கூடாது என்று முடிவெடுத்து, அதைக் கேமரா முன்னாலும் சொல்லிவிட்டு வந்தவன் நான். அது வெள்ளிக்கிழமை வெளியே வரப்போகிறது. அதற்கு முன்னால் அம்மா அப்பாவிடம் என் வாயாலேயே சொல்லிவிட வேண்டும் என்றுதான் புறப்பட்டேன். பாதி வழியில் ஒரு டீக்கடையில் மறுபடியும் பழைய பொய். எனக்கே வெட்கமாக இருந்தது. டீயை அப்படியே வைத்துவிட்டு விருத்தாசலம் போகிற அடுத்த பஸ்ஸில் ஏறினேன். சீட் காலியாக இருந்தும் உட்கார முடியவில்லை. நின்றுகொண்டே போனேன்.

நான் நடிகன். பெரிய நடிகன் என்று சொல்லிக்கொள்ள முடியாது. வீடுகளில் ராத்திரிச் சாப்பாடு போடுகிற நேரத்துக்கு வரும் ஒரு தொடரில் சில வருடங்கள் நல்ல மாப்பிள்ளையாக நடித்தேன். மாமனாருக்கு ரத்தம் கொடுப்பேன். மச்சினிச்சிக்கு வரன் தேடுவேன். மனைவி சந்தேகப்பட்டால் மழையில் போய் நிற்பேன். பஸ்ஸிலும் கடையிலும் என்னைப் பார்க்கிற பெண்கள் "மாப்ள" என்றுதான் கூப்பிடுவார்கள். எந்தப் பேட்டிக்குப் போனாலும் கடைசிக் கேள்வி ஒன்றுதான்: நிஜத்தில் எப்போது மாப்பிள்ளை ஆகப்போகிறீர்கள்? சிரித்துக்கொண்டே அம்மாவைக் கைகாட்டிவிடுவேன். அந்தச் சிரிப்பை மட்டும் தனியாக ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன்.

அம்மா உண்மையிலேயே பெண் பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டக்குடிப் பக்கத்தில் தெரிந்த குடும்பம். பெண் பி.எட். முடித்துவிட்டு ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தாள். அம்மா போட்டோ அனுப்பினாள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. ஷூட்டிங், டப்பிங், மழை என்று தள்ளிப்போட்டேன். தள்ளிப்போட்டால் அவர்களே சலித்துப்போய் வேறு இடம் பார்த்துக்கொள்வார்கள் என்று ஒரு நினைப்பு.

ஒரு நாள் மதியச் சாப்பாட்டு இடைவேளையில் தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது. அந்தப் பெண்தான்.

"மன்னிச்சுக்கங்க, நானே போன் பண்ணிட்டேன். உங்களுக்கு இதுல விருப்பம் இருக்குதா, இல்லியா? அதத் தெரிஞ்சுக்கிட்டா போதும். உங்களுக்காக எங்க அப்பா வந்த எடத்தையெல்லாம் வேணாம்னு சொல்லிக்கிட்டு இருக்காரு."

மேக்கப் வேனுக்குப் பின்னால் நடந்துபோனேன். முகத்தில் பவுடர், நெற்றியில் தொடருக்காக வைத்த விபூதி. அதோடு நின்று, நேரில் பார்த்திராத ஒரு பெண்ணிடம் சொன்னேன். எனக்குப் பெண்கள் மேல் அந்த மாதிரி ஆசை வராது, ஆண்கள் மேல்தான், அது மாறப்போவதில்லை என்று.

அந்தப் பக்கம் பள்ளிக்கூடச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. பிறகு அவள், "சரிங்க" என்றாள். "என்கிட்ட உண்மையச் சொன்னீங்க, அது வரைக்கும் சந்தோஷம். ஆனா நான் எங்க வூட்ல என்னன்னு சொல்றது? நான் வேணாம்னு சொன்னா என்னத் திட்டுவாங்க. நீங்க வேணாம்னு சொன்னா, பொண்ணுகிட்ட என்ன கொறைன்னு ஊரே கேக்கும்" என்றாள்.

அவள் சண்டை பிடிக்கவில்லை. அழவும் இல்லை. ஒரு டீச்சர் கணக்கு கேட்கிற மாதிரி கேட்டாள். என் வாழ்க்கையை மூடி வைத்துக்கொள்வது என் பாடு என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அந்த மூடியை யாரோ ஒரு பெண் தலையில் சுமக்க வேண்டியிருக்கிறது என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

சில வாரங்கள் கழித்து ஒரு படம் வெளியாக இருந்தது. அதில் நான் சப் இன்ஸ்பெக்டர். படத்துக்காக ஒரு யூடியூப் சேனலில் பேட்டி. முந்தின நாளே என் கூட இருப்பவரிடம் கேட்டேன். ஆமாம், ஒருவர் இருக்கிறார். சென்னையில் ஓர் அலுவலகத்தில் வேலை. சில வருடங்களாக ஒரே வீட்டில் இருக்கிறோம். அவர் வீட்டில் யாருக்கும் தெரியாது.

"உன்னப் பத்தி நீ சொல்லு. அது உன் இஷ்டம். என்னப் பத்தி ஒரு எழுத்து வெளிய வரக் கூடாது" என்றார்.

"வராது" என்று வாக்குக் கொடுத்தேன்.

பேட்டியில் கடைசிக் கேள்வி எதிர்பார்த்த மாதிரியே வந்தது. "எனக்குப் பொண்ணு பாக்க வேணாங்க. நான் கே. ஆம்பளைங்களத்தான் விரும்புறேன். இத்தனை நாள் இந்தக் கேள்விக்குப் பொய் சொல்லிக்கிட்டு இருந்தேன். அத நிறுத்திக்கலாம்னு இருக்கேன்" என்றேன். கேள்வி கேட்ட பெண்ணின் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. கேமராவுக்குப் பின்னால் யாரையோ பார்த்தாள். "சார், இத வச்சுக்கலாமா?" என்றாள்.

"வச்சுக்கங்க."

உடனே முன்னால் சாய்ந்தாள். "அப்ப உங்க பார்ட்னர் யாரு சார்?"

"இதுக்கு மேல எங்க வூட்டு விஷயம்" என்றேன்.

வூடு. சென்னைக்கு வந்த புதிதில் டப்பிங்கில் திட்டித் திட்டி, என் வாயிலிருந்த வூட்டை வீடாக்கி வைத்திருந்தார்கள். அவ்வளவு பேர் பார்க்கப்போகிற இடத்தில் அது திரும்ப வந்து உட்கார்ந்துகொண்டது.

விருத்தாசலத்தில் எங்கள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த அன்று எதுவும் சொல்ல முடியவில்லை. அப்பா தொழிற்பேட்டையில் ஒரு சின்ன செராமிக் யூனிட் வைத்திருக்கிறார். பிள்ளையார், குதிரை, குட்டி குட்டிச் செட்டியார் பொம்மைகள் எல்லாம் செய்வார்கள். நவராத்திரி நெருங்கிக்கொண்டிருந்தது. பெட்டிகள் மதுரைக்கும் பெங்களூருக்கும் போக வேண்டும். என்னைப் பார்த்ததும் அப்பா, "வந்ததுதான் வந்த, கொஞ்சம் கை குடு" என்று வைக்கோல் கட்டைத் தள்ளினார். பொம்மைகளை வைக்கோலில் சுற்றிப் பெட்டியில் அடுக்கினேன். மனசு வேறெங்கோ இருந்தது. ஒரு குதிரையின் காதை உடைத்தேன். பிறகு இன்னொன்றின் காலை. அப்பா என் முன்னாலிருந்த பெட்டியை இழுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டார்.

மறுநாள் காலையில் அம்மா அடுக்களையில் வாழைப்பூ ஆய்ந்துகொண்டிருந்தாள். எதிரில் தரையில் உட்கார்ந்தேன். எழுந்து தண்ணீர் குடித்தேன். மறுபடியும் உட்கார்ந்தேன்.

"என்னடா, நின்ன எடத்துல நிக்க மாட்டேங்குற?"

சொன்னேன். வேனுக்குப் பின்னால் சொன்ன அதே வார்த்தைகள். ஆனால் அம்மாவிடம் சொல்லும்போது அவை வேறு மொழி மாதிரி இருந்தன. அவள் கை நிற்கவில்லை. பூவைப் பிரித்து, நரம்பை எடுத்து, மோரில் போட்டுக்கொண்டே இருந்தாள். புரியவில்லையோ என்று இரண்டாவது தடவை ஆரம்பித்தேன்.

"காதுல விழுந்துச்சு" என்றாள். பிறகு, "அப்ப அந்தத் தம்பி?"

ஒரு பொங்கலுக்கு அவரைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தேன். கூட வேலை பார்க்கிறவர் என்று சொல்லியிருந்தேன்.

"ஆமாம்மா."

"ரெண்டாவது வாட்டி சோறு போட்டப்ப வேணாம்னுச்சு. நம்ம வூட்டுச் சாப்பாடு புடிக்கலன்னு நெனச்சேன். கூச்சப்பட்டிருக்குது."

அதற்குப் பிறகுதான் அழுதாள். வாழைப்பூக் கறை பிடித்த கையால் முகத்தைத் துடைக்கவும் முடியாமல், தோளால் துடைத்துக்கொண்டே அழுதாள். "திட்டக்குடிக்காரங்களுக்கு நான் என்ன பதில் சொல்வேன்?" என்றாள்.

"அந்தப் பொண்ணுகிட்ட நானே சொல்லிட்டேம்மா."

சட்டென்று நிமிர்ந்தாள். "எப்போ?"

"கொஞ்ச நாள் ஆச்சு. ஒரு பேட்டியிலயும் சொல்லிட்டேன், அது நாளைக்கு வருது."

"அப்ப அவளுக்குத் தெரியும். ஊரு பேரு தெரியாத டிவிக்காரிக்குத் தெரியும். பெத்தவளுக்குக் கடைசியா?"

அவளுக்கு வலித்த இடம் அதுதான். நான் என்னவாக இருக்கிறேன் என்பதைவிட, வரிசையில் தன்னை எங்கே நிறுத்தினேன் என்பதுதான் பெரிதாகப் பட்டது. எழுந்து யூனிட்டுக்கு நடந்தேன்.

அப்பா லாரியில் பெட்டிகளை ஏற்றிவிட்டு, துண்டால் கழுத்தைத் துடைத்தபடி நின்றிருந்தார். லாரி போன பிறகு சொன்னேன். நாளைக்கு யூடியூபில் வரும் என்பதையும் சொன்னேன். அவர் என்னைப் பார்க்காமல், காயவைத்திருந்த அச்சுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி, அப்புடித்தான்னு வச்சுக்குவோம். அத எதுக்கு ஊருக்குச் சொல்லணும்? நானும் உங்கம்மாவும் எப்புடி இருக்கோம்னு டிவில போயிச் சொன்னமா? நம்ம வூட்டு விஷயம் நம்ம வூட்டோட இருந்தா என்ன?"

சாட்டையடி மாதிரி இருந்தது. ஏனென்றால் நானும் அப்படிப்பட்டவன்தான். ஷூட்டிங் முடிந்தால் பார்ட்டிக்குப் போக மாட்டேன். வீட்டுக்குள் எடுத்த ஒரு போட்டோகூட வெளியே போட்டதில்லை. என் பேச்சையே எடுத்து என் முன்னால் வைத்துவிட்டார்.

"வூட்டு விஷயத்தச் சொல்லலப்பா. ஊருக்கு நான் இத்தன வருஷமாப் பொய் சொல்லியிருக்கேன். ஊரு கேட்டப்பல்லாம் சொல்லியிருக்கேன். அந்தப் பொய்ய நம்பி ஒரு குடும்பம் காத்துக்கிட்டு இருந்துச்சு. ஊருக்குச் சொன்ன பொய்ய ஊருலதான திருப்பி எடுக்கணும்? அவ்வளவுதான் எடுத்தேன். மத்தது எதுவும் சொல்லல."

"ஒண்ணு சொன்னா ஒண்ணோட வுட்டுடுவாங்களா?" என்று கேட்டார் அப்பா. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார். அன்று முழுக்க என்னிடம் பேசவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் பேட்டி வந்தது. முகப்பில் நான் அழுகிற மாதிரி ஒரு படம். அது தொடரில் மாமனார் செத்த காட்சி. எங்கிருந்தோ எடுத்து ஒட்டியிருந்தார்கள். போன் நிற்காமல் அடித்தது. கூட நடித்த ஒருவர் அழுதார். ஒருவர் திட்டினார். பல வருடம் பேசாத ஒரு கல்லூரி நண்பன், "என்னப் பத்தி எதுவும் சொல்லலியே?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டான். அவனைப் பற்றிச் சொல்ல ஒன்றுமே கிடையாது.

அன்று எங்கள் தெருவில் யார் வீட்டிலும் உறை ஊற்ற மோர் இல்லை போலிருக்கிறது. ஒவ்வொருவராகக் கிண்ணத்தோடு வந்தார்கள். வாங்கிக்கொண்டு வாசலில் நின்று, எட்டி உள்ளே பார்த்தார்கள். அம்மா எல்லாருக்கும் ஊற்றிக் கொடுத்தாள். வீட்டுக்குள் இருக்க முடியவில்லை. மொட்டை மாடியில் நடந்தேன். அங்கேயும் பக்கத்து மாடியில் துணி காயப்போடுகிற சாக்கில் ஆள். தொப்பியை மாட்டிக்கொண்டு ஜங்ஷனுக்குப் போய், எந்த ரயிலுக்கும் காத்திருக்காமல் பிளாட்பாரத்தின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். சேலம் வண்டி வந்து நின்று போனது. அதில் ஏறிப் போய்விட்டால் என்ன என்று தோன்றியது. சேலத்தில் எனக்கு யாருமே இல்லை.

திரும்பி வரும்போது எங்கள் வாசலிலிருந்து ஓர் ஆள் பைக்கைக் கிளப்பிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்துக் கை காட்டிவிட்டுப் போனான். அம்மா படியில் நின்றிருந்தாள். காபி டம்ளர் கையில்.

"யாரும்மா அது?"

"மங்கலம்பேட்டையாம். போன்ல செய்தி போடுற சேனலு வச்சிருக்குதாம். மரியாதையான புள்ள. உன்னப் பத்தி நாலு பேரு தப்பா எழுதறாங்க, நீங்க ரெண்டு வார்த்த நல்லதாச் சொல்லுங்கம்மான்னுச்சு. சொன்னேன்."

"என்ன சொன்ன?"

"என் புள்ள தங்கம்னு சொன்னேன். யாருக்கும் கெடுதல் நெனக்காதுன்னு சொன்னேன்." கொஞ்சம் தயங்கினாள். "அந்தத் தம்பியும் நல்ல குடும்பம்தான், பொங்கலுக்கு வந்திருக்குது, நல்ல உத்தியோகம்னு சொன்னேன். பேரச் சொல்லலடா. அதுக்குச் சொந்த ஊரு எதுன்னு கேட்டுச்சு. அது மட்டும்தான்…"

அவருடைய ஊர் சின்ன ஊர். அங்கேயிருந்து சென்னைக்குப் போய் நல்ல வேலையில் இருக்கிறவர் அவர் ஒருவர்தான். பெயரே தேவையில்லை. அம்மாவைத் திட்ட வாய் திறந்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டேன். ஊர் முழுக்க என்னைக் கடித்துத் தின்கிற நாளில், எனக்காக அவள் தன்னிடம் இருந்ததையெல்லாம் கொண்டுவந்து வைத்திருக்கிறாள். அதில் என்னுடையது அல்லாத ஒன்றும் கலந்துவிட்டது.

மதியத்துக்குள் வீடியோ வந்துவிட்டது. சென்னையிலிருந்து அவர் போன் செய்தார். அலுவலகத்தில் இருந்ததால் ரொம்பத் தாழ்ந்த குரலில், "உங்க அம்மா எங்க ஊர் பேரைச் சொல்றாங்க" என்றார். அவ்வளவுதான் சொன்னார். நான் ஏதோ சொல்ல ஆரம்பிப்பதற்குள் வைத்துவிட்டார்.

வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு ஓடினேன். மங்கலம்பேட்டைக்குப் போய் அந்த ஆளைப் பிடிக்க வேண்டும். ஸ்டாண்டை எடுக்கப் பார்த்தேன், வரவில்லை. கை வழுக்கியது. பின்னாலிருந்து அப்பா வந்து சாவியை வாங்கிக்கொண்டார். "நான் ஓட்டறேன். நீ பின்னால ஏறு" என்றார். எல்லாவற்றையும் உள்ளேயிருந்து கேட்டிருக்கிறார்.

அப்பா மெதுவாகத்தான் ஓட்டுவார். லாரிகள் எங்களை உரசிக்கொண்டு போயின. ஒவ்வொரு நொடிக்கும் அந்த வீடியோவை யாரோ இன்னொருவர் பார்க்கிறார் என்று எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது. "கொஞ்சம் வேகமாப் போங்கப்பா" என்றேன். அவர் வேகத்தைக் கூட்டவில்லை. நான் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்பதை வெகுநேரம் கழித்துத்தான் கவனித்தேன்.

கடைத்தெருவில் அவன் ஒரு செல்போன் கடை வைத்திருந்தான். வாசல் முழுக்க போன் கவர்கள் தொங்கின. என்னைப் பார்த்ததும் எழுந்து வந்துவிட்டான். "வாங்க பிரதர்! நீங்களே வந்துட்டீங்களே. அம்மா எவ்வளவு அழகாப் பேசியிருக்காங்க தெரியுமா? கமென்ட்ட பாருங்க, ஒருத்தர்கூடத் தப்பாப் பேசல."

அது உண்மைதான். பல பேர் அம்மாவைக் கும்பிட்டிருந்தார்கள்.

"அம்மா பேசினதுல ஒரு பகுதிய எடுத்துடணும்" என்றேன். எது என்று சொன்னேன்.

"பேரச் சொல்லலியே பிரதர். அதுதான் எல்லாரும் ஷேர் பண்ற எடம். அத எடுத்துட்டா வீடியோவுல என்ன இருக்குது?"

கெஞ்சினேன். எனக்குத் தெரிந்த வசனம் எல்லாம் தீர்ந்துவிட்டது. அவன் கெட்டவன் இல்லை. இரண்டு நாற்காலி போட்டான். குளிர்பானம் வரவழைத்தான். வீடியோவை மட்டும் எடுக்க மாட்டேன் என்றான்.

அப்பா நாற்காலியில் உட்காரவில்லை. "தம்பி வெளிநாட்டுல இருந்தீங்களா?" என்று கேட்டார். சுவரில் அவன் ஏதோ ஒரு வெளிநாட்டுக் கடற்கரையில் நிற்கிற படம் மாட்டியிருந்தது.

"ஆமாங்க. சவூதி. போன வருஷந்தான் வந்துட்டேன்."

"அங்க என்ன வேல?"

"வேலன்னா… போனது டிரைவர் வேலைக்குங்க. குடுத்தது வேற. ஒரு ரூம்ல அத்தன பேரு கெடந்தோம். பாத்ரூம் கழுவியிருக்கேன்." என்னைப் பார்த்துக்கொண்டு சிரித்தான்.

"வூட்ல சொன்னீங்களா?"

"அதெப்புடிங்க சொல்றது? அம்மா தாங்க மாட்டாங்க. நானே வந்து, நானே கொஞ்சம் கொஞ்சமாச் சொல்லிக்கிட்டு இருக்கேன்."

"வேற யாராவது முந்திக்கிட்டுச் சொல்லியிருந்தா?"

அவன் சிரிப்பு போய்விட்டது.

"அந்தப் புள்ளைக்கும் ஒரு அம்மா இருக்குது தம்பி" என்றார் அப்பா.

அவன் போனைத் திறந்தான். பிறகு எங்கள் கண் முன்னாலேயே வீடியோவை எடுத்துவிட்டான். "அந்த எடத்த வெட்டிட்டு மறுபடியும் போடறேன். ஆனா பிரதர், நீங்க ஒரு நிமிஷம் பேசிக் குடுக்கணும். கடை வரைக்கும் வந்துட்டுச் சும்மா போனா எப்புடி?" என்றான். பேசினேன். விருத்தாசலத்துப் பொம்மைகளைப் பற்றி, நவராத்திரியைப் பற்றி என்னென்னவோ பேசினேன். போன் கவர்களுக்கு நடுவில் நின்று நான் சிரித்துக்கொண்டிருக்கும் அந்த வீடியோ இன்னும் இருக்கிறது.

திரும்பும் வழியில் அப்பா வண்டியை நிறுத்தி, "டீ குடிக்கிறியா?" என்றார். குடித்தோம். அவரிடம் நிறையச் சொல்ல வேண்டும் போல இருந்தது. அவர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "ஒண்ணு சொன்னா ஒண்ணோட வுட மாட்டாங்கன்னு சொன்னேன்ல" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. எனக்கு அதுவே போதும் என்று இருந்தது. அப்பா இன்றுவரை அந்தப் பேட்டியைப் பார்க்கவில்லை. என் வாழ்க்கையைப் பற்றி அதற்குப் பிறகு ஒரு வார்த்தையும் பேசியதில்லை. மனசு மாறிவிட்டார் என்று எழுத ஆசைதான். எனக்குத் தெரியாது.

நாங்கள் போய் எடுப்பதற்கு முன்பே யாரோ அந்தப் பகுதியை மட்டும் வெட்டி வாட்ஸப்பில் சுற்றவிட்டிருந்தார்கள். அது என் கூட இருப்பவருடைய அண்ணன் போனுக்குப் போய்ச் சேர்ந்தது. அவர் சொந்த ஊருக்குப் போனார். சில வாரங்கள் நான் தனியாக இருந்தேன். ஒவ்வொரு அறைக்கும் போய் விளக்கைப் போட்டுவிட்டு, அங்கே எதற்கு வந்தோம் என்று தெரியாமல் அணைத்துவிட்டு வருவேன். பிறகு அவர் திரும்பி வந்தார். அங்கே என்ன நடந்தது என்பது அவருடைய கதை. இந்தப் பத்தியை அவரிடம் படித்துக் காட்டினேன். இரண்டு வாக்கியங்களை எடுக்கச் சொன்னார். எடுத்துவிட்டேன். அம்மாவோடு அவர் இப்போது போனில் பேசுகிறார் என்பதை மட்டும் எழுதிக்கொள் என்றார்.

திட்டக்குடிப் பெண்ணிடமிருந்து ஒரு மெசேஜ் வந்தது. "எங்க வூட்ல எல்லாருக்கும் இப்ப உங்க மேலதான் கோவம். என் மேல இல்ல. தேங்க்ஸ்." கடைசியில் ஒரு சிரிப்புப் பொம்மை. அதை எத்தனையோ தடவை திறந்து திறந்து பார்த்தேன். எந்தப் பாராட்டும் எனக்கு அவ்வளவு நிம்மதியைக் கொடுக்கவில்லை.

தொடரில் முதலில் என்னைத் துபாய்க்கு அனுப்பினார்கள். "கதை வேற பக்கம் போவுது சார், தப்பா எடுத்துக்காதீங்க" என்றார் மேனேஜர். பிறகு ஒரு நாள் விமான நிலையத்திலிருந்து வேறொருவர் பெட்டியோடு இறங்கி வந்தார். கீழே, இவருக்குப் பதில் இவர் என்று எழுத்து ஓடியது. அம்மா உடனே போன் செய்தாள். "யாருடா அவன்? மாமனாரத் தொட்டுக் கும்புடக்கூடத் தெரியல" என்றாள். அதிலிருந்து அந்த நேரத்துக்கு டிவியை அணைத்துவிடுகிறாள் என்று அப்பா சொன்னார். வேறு வேலை வருகிறது. குறைவாக வருகிறது.

சமீபத்தில் ஊருக்குப் போய்விட்டு ரயிலில் திரும்பினேன். பகல் வண்டி. எதிர் சீட்டில் ஒரு கணவனும் மனைவியும். கணவருக்கு ஐம்பதைத் தாண்டிய வயது இருக்கும். சட்டைப் பையில் கண்ணாடிக் கூடு, கையில் மடித்த பேப்பர். அந்த அம்மா என்னை அடையாளம் கண்டுகொண்டு மகிழ்ந்துபோனார். கொய்யாப்பழத்தை நறுக்கி உப்பு மிளகாய்ப் பொடி போட்டுக் கொடுத்தார். தொடரில் வந்த ஒவ்வொரு பிரச்சினையையும் என்னிடமே விவரித்தார். கணவர் பேசவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார்.

அந்த அம்மா முகம் கழுவ எழுந்து போனதும் அவர் திரும்பினார். கையை நீட்டினார். நான் கொடுத்தேன். பிடித்த கையை உடனே விடவில்லை. "அந்தப் பேட்டியப் பாத்தேன்" என்றார்.

"அப்புடிங்களா" என்றேன்.

"முழுசாப் பாத்தேன்."

அவர் கண்கள் என் முகத்தில் எதையோ தேடின. கையை மெதுவாக விட்டார். பேப்பரை விரித்து, படிக்காமல் பிடித்துக்கொண்டார்.

கேட்டுவிடலாமா என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. நீங்களும்தானா? அல்லது உங்கள் மகனா, தம்பியா? வேறு யாராவதா? என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளெல்லாம் எனக்குள்ளிருந்தே வரிசையாகக் கிளம்பி வந்தன. எழுந்து கதவோரம் போய் நின்றேன். காற்று முகத்தில் அடித்தது. திரும்பி வந்து உட்கார்ந்தேன். கேட்கவில்லை.

விழுப்புரம் நெருங்கியதும் அந்த அம்மா ஒரு போட்டோ வேண்டும் என்றார். கணவர் போனை வாங்கிக்கொண்டு எழுந்தார்.

"நீங்களும் வந்து நில்லுங்க சார். யாரையாவது எடுக்கச் சொல்லலாம்" என்றேன்.

"வேணாங்க, நான் எடுக்கறேன்" என்றார்.

வண்டி ஆடிக்கொண்டிருந்தது. அவர் சீட்டில் முழங்காலை முட்டுக்கொடுத்துக்கொண்டு, கொஞ்சம் இடதுபக்கம் வாங்க, வெளிச்சம் அடிக்குது என்று எங்களை நகர்த்தி நிறுத்தி, நிதானமாக இரண்டு படம் எடுத்தார். விழுப்புரத்தில் இறங்கினார்கள். அந்த அம்மா பிளாட்பாரத்திலிருந்து கை ஆட்டினார். கணவர் பைகளைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்துபோய்க்கொண்டிருந்தார்.